ஸ்பிளெண்டருக்குப் பின்னால் ஒரு புல்லட்

பைக்கில் வடக்கே போய் வந்தவர்கள் எல்லாரும் மலைக் கதைதான் சொல்வார்கள். பனி, பள்ளத்தாக்கு, கொண்டை ஊசி வளைவு. என்னைப் போன்ற பட்டறைக்காரனுக்கு மலையில் அவ்வளவு பயம் கிடையாது. அங்கே வண்டி இருபது முப்பதுக்கு மேல் போகாது. ஓட்டுகிறவனும் பயத்தில் கண்ணை நன்றாக விழித்துக்கொண்டிருப்பான். வண்டிக்கும் ஆளுக்கும் சேதாரம் வருவது சமதளத்தில்தான். நாலு வழிச்சாலை, உச்சி வெயில், ஒரே கியர், ஒரே வேகம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நேர்கோடாகத் தார். அப்படி ஒரு நாளைத்தான் எழுதப் போகிறேன். ஹைதராபாத்தில் இருந்து நாக்பூர், சுமார் 500 கிலோமீட்டர்.

மதுரை சிம்மக்கல் பக்கம் புல்லட் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் வண்டிகள்தான் அதிகம் வரும். கன்னியாகுமரியில் இருந்து ஸ்ரீநகர் வரை போகிற 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. நம்பரை மாற்றுவதற்கு முன்னால் அது என்.எச். 7. லாரிக்காரர்களுக்கு இன்னமும் காசி ரோடு. அந்த ரோட்டை ஒரு தடவையாவது கடைசி வரை பார்த்துவிட வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் இருந்து பேசிக்கொண்டிருந்தவர்கள் நானும் என் சிநேகிதனும். அவன் இப்போது அரசுப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். அவனுக்கு லீவு மே மாதத்தில்தான் கிடைக்கும். மே மாதத்தில் நாக்பூர் பக்கம் 45 டிகிரி அடிக்கும் என்று தெரிந்தேதான் கிளம்பினோம்.

என்னுடையது புல்லட் 350. அவனுடையது ஸ்பிளெண்டர், 97 சிசி. ஸ்கூலுக்குப் போகவும் ரேஷன் அரிசி தூக்கவும் வைத்திருந்த வண்டி. கிளம்புகிறோம் என்று தெரிந்ததும் பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள். "அண்ணே, வாத்தியாரை டிரெய்ன்ல வரச் சொல்லுங்க." எனக்கே உள்ளுக்குள் கொஞ்சம் யோசனைதான், ஆனால் வண்டியை நினைத்து இல்லை. 55-ல் போகிற ஸ்பிளெண்டருக்குப் பின்னால் நாள் பூரா புல்லட்டைப் பிடித்து வைத்திருக்க என்னால் முடியுமா என்றுதான்.

ஹைதராபாத் ஊருக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று முந்தைய ராத்திரியே ஊரைத் தாண்டி மேட்சலில் ரூம் எடுத்திருந்தோம். விடிகாலை நாலரைக்கு வண்டியை எடுத்தாயிற்று. கோடையில் தூரம் போகிறவனுக்குக் காலை நாலு முதல் பத்து வரைதான் நாள். மற்றது எல்லாம் உபரி. முதல் நாளே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டோம். ஸ்பிளெண்டர் முன்னால், புல்லட் பின்னால். நேர் பின்னால் இல்லை; அவன் லேனின் இடப்பக்கம் என்றால் நான் வலப்பக்கம், நடுவில் இரண்டு மூன்று வினாடி இடைவெளி. மெதுவான வண்டி பின்னால் வந்தால் அவன் என்னைப் பிடிக்க முறுக்கிக்கொண்டே வருவான். முன்னால் விட்டால் அவன் வேகம்தான் இருவருக்கும் வேகம். எனக்கு இன்னொரு சௌகரியம் உண்டு. முன்னால் போகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும். பின்னால் போகிறவன் முன்னால் போகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே போகலாம். பின் சக்கரம் ஆடுகிறதா, சைலன்சர் புகை என்ன நிறம், கேரியர் கயிறு தளர்ந்திருக்கிறதா, எல்லாம் கண்ணில் படும்.

காமாரெட்டி தாண்டி டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. ஆர்மூருக்கு முன்னால் ஒரு டோல்கேட். இரு சக்கர வண்டிக்குக் காசு இல்லை. இடது ஓரத்தில் கான்கிரீட் சுவரை ஒட்டி ஒடுக்கமாக ஒரு வழி விட்டிருப்பார்கள். திறந்த ரோட்டில் காதுக்கு எட்டாத சத்தம் எல்லாம் அந்தச் சுவரில் மோதித் திரும்பி வரும். அவன் உள்ளே நுழைந்ததும் எனக்குக் கேட்டது, 'சர்ர்...' என்று ஒரு உரசல். கொஞ்சம் விட்டு மறுபடியும் 'சர்ர்...'.

புதுப் பையன் என்றால் பிரேக் ஷூ உரசுகிறது என்று பின் சக்கரத்தைக் கழற்றியிருப்பான். சத்தத்தை எண்ண வேண்டும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வந்தால் கோளாறு சக்கரத்தில், டிரம்மில். சக்கரம் இரண்டரைச் சுற்று சுற்றியபின் ஒரு தடவை வந்தால் அது செயின். செயின் நீளம், அது முழுசாக ஒரு தடவை சுற்றி வருவதற்குள் சக்கரம் அத்தனை சுற்று போய்விடும். இது அப்படித்தான் வந்தது.

டோல்கேட் தாண்டி நிழல் பார்த்து நிறுத்தச் சொன்னேன். "என்ன மாப்ள, இப்பத்தானே டீ குடிச்சோம்" என்றான். செயின் கவரின் போல்ட்டுகளைக் கழற்றி, நியூட்ரலில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினேன். செயின் லாக் வந்து நின்றது. லாக்கின் மேல் இருக்க வேண்டிய கிளிப் இல்லை. வெளித்தகடு இரண்டு பின்களிலும் பாதி வெளியே நகர்ந்து வந்து, சுற்றும்போதெல்லாம் கவரின் உட்பக்கத்தில் கோடு போட்டிருந்தது. தகரம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்திருந்தால் தகடு கழன்று விழுந்திருக்கும், செயின் அறுந்திருக்கும். அறுந்த செயின் ரோட்டில் விழுந்தால் பிழைத்தோம். முன் ஸ்பிராக்கெட்டில் சுருட்டிக்கொண்டால் கிராங்க்கேஸை உடைக்கும், இல்லையென்றால் பின் சக்கரத்தைப் பூட்டிவிடும். பின்னாலேயே சிமென்ட் லாரிகள் வந்துகொண்டிருந்த ரோடு அது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் வாத்தியார் தன் வீட்டுப் பக்கத்துக் கடை ஒன்றில் செயின் மாற்றியிருக்கிறான். "ஒம் பட்டறையில ஸ்பிளெண்டர் நின்னா ஒனக்கு மரியாதையா இருக்காதுன்னு..." என்று இழுத்தான். கிளிப்பைத் திருப்பிப் போட்டார்களா, தளர்ந்த பழைய கிளிப்பையே மாட்டினார்களா என்று சொல்ல முடியாது, பார்ப்பதற்குக் கிளிப்பே இல்லையே. அந்தக் கிளிப்புக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் பிளந்திருக்கும். மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது தட்டும்போது பிளந்த வாய் வழியாகக் கழன்று போய்விடும். இவ்வளவுதான் விஷயம். இது தெரியாமல் எத்தனை கைகள் ஸ்பானர் பிடிக்கின்றன என்று நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

என் டூல் பையில் பழைய கேமரா ஃபிலிம் டப்பா ஒன்று உண்டு. பாயின்ட் செட், கண்டென்சர், ஒயர் நிப்பிள், காட்டர் பின், இரண்டு சைஸ் செயின் லாக். புல்லட் செயினின் லாக் இதற்குச் சேராது. ஸ்பிளெண்டர் செயினில் பின்னுக்குப் பின் அரை அங்குலம், புல்லட்டில் அரை அங்குலத்துக்கு மேலே இன்னும் அரைக்கால். புது லாக்கைப் போட்டு, கிளிப்பைக் குறடால் தள்ளி, 'டக்' என்று உட்கார்ந்ததும் விரல் நகத்தால் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. புது செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் நீளும், அதனால் தொங்கலும் கூடியிருந்தது. ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தேன். இங்கே ஒரு வேலையைப் பலர் விட்டுவிடுவார்கள். சக்கரம் பின்னால் நகர்ந்தால் பிரேக் ராடும் இழுபடும். ராடு நட்டைத் திருப்பித் தளர்த்தவில்லை என்றால் பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடும். அந்த வெயிலில் மதியத்துக்குள் டிரம் கொதித்துவிடும்.

வேலை முடிந்து கையை மண்ணில் தேய்த்துக் கழுவும்போது வாத்தியார் கேட்டான், "எவ்வளவு மாப்ள?" சாயங்காலம் டீ வாங்கித் தரச் சொன்னேன்.

ஆர்மூர் தாண்டினால் ரோட்டோரத்தில் கருங்கல் குன்றுகள், பாறைமேல் பாறை. எங்கள் ஊர் யானைமலை, நாகமலை எல்லாம் பார்த்த கண்ணுக்கு அது புதுசு இல்லை. அடுத்து கோதாவரிப் பாலம். கோடையில் மணல்தான் அதிகம். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் காசு எறிந்தார்கள். வாத்தியாரும் வண்டியை நிறுத்தி ஒரு ரூபாய் போட்டான், மணலில் விழுந்தது.

நிர்மல், மரப்பொம்மைக்குப் பேர் போன ஊர். பொம்மை வாங்கி வைக்க எங்கள் வண்டியில் இடம் இல்லை, நேராகப் போய்விட்டோம். அதன்பின் ரோடு மேடேறி அடிலாபாத் காட்டுக்குள் போகிறது. காடு என்று மேப்பில் பச்சையாகப் பார்த்துவிட்டு நிழல் கிடைக்கும் என்று ஆசைப்பட்டிருந்தோம். அது தேக்கங்காடு. தேக்கு கோடையில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும், மழைக்குத்தான் துளிர்க்கும். மைல்கணக்கில் குச்சி குச்சியாக மரங்கள், ஒரு ஆள் ஒதுங்க நிழல் இல்லை. பத்து மணிக்கே காற்று அடுப்பு வாசலில் நிற்கிற மாதிரி முகத்தில் அறைந்தது.

வாத்தியார் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக் காற்று வாங்கப் பார்த்தான். ஐந்து நிமிஷத்தில் தானே நிறுத்திப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "மாப்ள, தோலோட சூடு 35 டிகிரி. காத்து அதுக்கு மேல சூடா இருந்தா நம்மகிட்ட இருந்து சூட்டை எடுத்துட்டுப் போகாது, கொண்டாந்து கொடுக்கும்" என்றான். பனியனைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டு, அதன்மேல் முழுக்கைச் சட்டையை மூடினோம். ஈரம் மெல்ல ஆவியாகும் வரை உடம்பு தாங்கும். அரை மணிக்கு ஒரு தடவை மறுபடியும் நனைக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் தலையில் இருந்து கழுத்துவரை துணியைச் சுற்றிக்கொண்டு கண் மட்டும் தெரியப் போவதன் காரணம் அப்போது விளங்கியது. சட்டைப் பையில் வெங்காயம் வைத்தால் அனல் காற்று தாக்காது என்றும் அங்கே நம்புகிறார்கள். பெட்டிக்கடைப் பெரியவர் ஒருவர் எங்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். வாத்தியார் அதன் இயற்பியலை ஆராயாமல் பைக்குள் போட்டுக்கொண்டான்.

உடம்புக்கு 45 டிகிரி அனல். இன்ஜினுக்கு அதே காற்று குளிர்காற்று. நூறு டிகிரியைத் தாண்டி நிற்கிற சிலிண்டருக்கு 45 என்பது ஒன்றுமே இல்லை. ஓடிக்கொண்டிருக்கிற வரையில் ஃபின் வழியாகச் சூடு போய்க்கொண்டே இருக்கும். அதனால் "ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்ஜினுக்கு ஓய்வு கொடு" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஓய்வு ஓட்டுகிறவனுக்குத்தான் வேண்டும். நிறுத்திவிட்டு இன்ஜினை ஐடிலில் உறும விடுவதுதான் கெடுதல், காற்று படாமல் சூடு ஏறும்.

புல்லட்டில் மட்டும் ஒரு விஷயம். பழைய புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். போதாததற்கு இரும்பு சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. இந்த வெயிலில் 80, 85 என்று விடாமல் முறுக்கினால் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். அதற்கு முன்னால் ஒரு அறிகுறி காட்டும்: ஆக்சிலேட்டர் அதே இடத்தில் இருக்கும், வண்டி மட்டும் யாரோ பின்னால் இழுக்கிற மாதிரி மந்தப்படும். அந்த நொடியில் கிளட்சைப் பிடித்து ஓரங்கட்டினால் தப்பலாம். பட்டறைக்கு 'சீஸ்' ஆகி வருகிற வண்டியில் முக்கால்வாசி, சிநேகிதர்களின் புது வண்டிகளைப் பிடிக்க முறுக்கியதுதான். அன்றைக்கு என் முன்னால் போனது ஸ்பிளெண்டர். அது 55-க்கு மேல் போகவில்லை, நானும் போகவில்லை. என் பிஸ்டன் அன்றைக்குப் பிழைத்ததற்கு அந்த 97 சிசி வண்டிதான் காரணம்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பங்க்கில் டேங்க்கை வாய்வரை நிரப்பக் கூடாது. பூமிக்கு அடியில் இருந்து வருகிற பெட்ரோல் குளிர்ந்திருக்கும். வெயிலில் நிறுத்தினால் 14 லிட்டருக்குக் கால் லிட்டர் விரியும் என்று வாத்தியார் கணக்குப் போட்டுச் சொன்னான். மூடி வழியாக வழிந்து சூடான இன்ஜின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குத் தேவையில்லை. டயரிலும் இதே கதைதான். காலையில் குளிர்ந்த டயரில் 30 வைத்தால் மதியம் 34 காட்டும். ஐயோ என்று காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொளதொள என்று இருக்கும்.

பெங்கங்கா பாலத்தைத் தாண்டியதும் மகாராஷ்டிரா. கடைப் பலகை எல்லாம் மராத்தி. ரோட்டின் இரண்டு பக்கமும் கரிசல், பருத்தி எடுத்து முடித்த வெறுங்காடு, பாளம் பாளமாக வெடிப்பு. கோவில்பட்டிப் பக்கம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அங்கே ஒரு தாபா வேப்பமரத்தடியில் நாமக்கல் லாரி நின்றிருந்தது. லாரி நிழலில் ஸ்டவ் வைத்து டிரைவர் ரசம் கூட்டிக்கொண்டிருந்தார். எங்கள் நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"ஏனுங்க, மதுரைங்களா? இந்த வெயில்ல எங்கீங்க போறீங்க?"

"காஷ்மீருங்கண்ணே."

இரண்டு வண்டியையும் சுற்றிப் பார்த்தார். ஸ்பிளெண்டரைக் காட்டி, "இது போயிருமுங்க" என்றார். புல்லட்டைக் காட்டி, "இதைத்தானுங்க பாத்துக் கூட்டிட்டுப் போவோணும்." வாத்தியாருக்கு வந்த சிரிப்பில் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. ரசஞ்சோறும் அப்பளமும் அவரே போட்டார், காசு வாங்கவில்லை. போகும்போது ஒன்று சொன்னார்: மதியத்தில் லாரியின் பின் டயருக்குப் பக்கத்தில் சேர்ந்தாற்போல் ஓட்டாதீர்கள், ரீட்ரெட் பண்ணிய டயர் சூட்டில் பட்டை உரிந்து பறக்கும், பைக்காரன் மேல் பட்டால் அவ்வளவுதான். ரோட்டோரத்தில் கிடக்கும் கருப்புப் பட்டைகளை அதற்குமுன் நான் குப்பையாகத்தான் பார்த்திருந்தேன்.

பன்னிரண்டில் இருந்து நாலு வரை கயிற்றுக் கட்டிலில் படுத்துவிட்டோம். அதுவும் சும்மா நடக்கவில்லை. கண் அசந்த நேரத்தில் 'சொய்ங்' என்று ஒரு சத்தம். தாபாப் பையன் ஒருவன் எங்கள் வண்டியைக் குளிப்பாட்டுகிறேன் என்று நல்லெண்ணத்தில் வாளியோடு வந்து நிற்கிறான். முதல் செம்பு சைலன்சரில் விழுந்திருந்தது, இரண்டாவது சிலிண்டருக்குப் போகிற வழியில் கையைப் பிடித்துவிட்டேன். சுட்டுக்கொண்டிருக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஃபின் விரிசல் விடும். இந்தி தெரியாத நான் கையால் காட்டினேன், அவனுக்குப் புரியவில்லை. கடைசியில் வாத்தியார் சூடான கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி உடைக்கிற மாதிரி நடித்துக் காட்டினான். பையன் விழுந்து விழுந்து சிரித்தான், தண்ணீரை எங்கள் தலையில் ஊற்றிவிட்டுப் போனான்.

நாலு மணிக்குமேல் நாக்பூர் வரை சொல்ல ஒன்றும் இல்லை. இடுப்பு வலி, ஹிங்கன்காட்டில் டீ, அதற்கு வாத்தியார் காசு. புட்டிபோரிக்கு முன்னால் ஒரு பத்து கிலோமீட்டர் புல்லட்டை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டான். கொடுக்கவில்லை. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நாள் பூரா ஸ்பிளெண்டர் ஓட்டிக் களைத்த கால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரைத்தான் மிதிக்கும். அவனுக்குக் கோபம்தான். ஊர் வந்து சேரும்வரை பேசவில்லை.

ஏழரைக்கு நாக்பூர். ஆரஞ்சு வேண்டும் என்று கடை கடையாகக் கேட்டான். சீசன் முடிந்துவிட்டது என்றார்கள். லாட்ஜ் வாசலில் செயின் சூடு ஆறுவதற்குள் எண்ணெய் விட்டேன். ராத்திரி விட்டால் விடிவதற்குள் ரோலருக்குள் இறங்கிவிடும். காலையில் கிளம்பும்போது விட்டால் பாதி வீலில் தெறித்துப் போகும். புது லாக்கை மறுபடியும் நகத்தால் தூக்கிப் பார்த்தேன். பிறகு புல்லட்டில் ஒரு சுற்று, தளர்ந்த நட்டுகள் நாலைந்து கிடைத்தன. புல்லட் என்றால் அது தினமும் உண்டு.

ஸ்ரீநகர் போய் மதுரை திரும்பியபின் இரண்டு வண்டியையும் என் பட்டறையிலேயே பிரித்தேன். ஸ்பிளெண்டருக்கு ஆயில், பின் பிரேக் ஷூ, செயின் செட், அவ்வளவுதான். புல்லட்டுக்கு கிளட்ச் பிளேட், ஸ்டியரிங் பேரிங், ஹெட் கேஸ்கட், உடைந்த மட்கார்டு ஸ்டே ஒன்றுக்கு வெல்டிங். ஸ்பிளெண்டருக்கு ஆன செலவு புல்லட்டுக்கு ஆனதில் கால்வாசி கூட இல்லை. நூறு சிசி வண்டியை வைத்துக்கொண்டு தூரம் போகலாமா என்று பட்டறைக்கு வந்து கேட்கிறவர்களிடம் அந்த பில்லைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். தாராளமாகப் போங்கள். செயின் லாக் இரண்டு கையில் இருக்கட்டும், மே மாதம் மட்டும் வேண்டாம்.